தலை திரும்பாத ஒரு வரி

கத்தி இடது காதுக்குப் பின்னால் வந்து சேரும் வரை கெர்டோ வாய் திறப்பதில்லை. அங்கே வந்ததும், மூடிய கண்ணைத் திறக்காமலே, யாரையும் குறிக்காமல் ஒரு வாசகம் சொல்வார். சொல்லி முடித்து வலது கண்ணை மட்டும் நூலளவு திறந்து பெஞ்சைப் பார்ப்பார். சவரத்துக்குக் காத்திருப்பவர்களில் யாருடைய முகம் சுருங்குகிறது, யார் தேவையில்லாமல் இருமுகிறார், யார் பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்க்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பார்த்துவிட்டு "ம்" என்பார். நாவிதர் தாலுஸ் விட்ட இடத்திலிருந்து மறுபடி மழிக்கத் தொடங்குவார்.

தினமும் தலையை மழிப்பது கெர்டோவின் தொழிலுக்கு வேண்டியிருக்கிறது. ப்ரிமில்லாவின் கூத்துக் குழுவில் அவர்தான் மொட்டைத்தலை முட்டாள். மனைவி ஏமாற்றுவாள், வேலைக்காரன் ஏமாற்றுவான், விருந்தாளி ஏமாற்றுவான். கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவரையே அறைவார்கள். அறை வாங்கி வாங்கி அவருடைய இடது கன்னம் வலதைவிடத் தடித்துவிட்டது. மனைவி வேஷம் ப்ரிமில்லாவுக்கு, அவள் வலது கைக்காரி. இடது காதும் பாதி மந்தம். பேச வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வர வேண்டும். ரொட்டியை வலப்பக்கத்திலேயே மெல்லுவார். உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குவித்து அடித்தால் சத்தம் பெரிதாகவும் வலி சின்னதாகவும் இருக்கும் என்று ப்ரிமில்லாவுக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். "அவளுக்குக் கோவம் வந்தா மட்டும் கை தட்டையாயிடும் தாயி. அன்னிக்கு எனக்குக் கஞ்சிதான்" என்று என்னிடம் சொல்வார்.

இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. குழுவுக்கு வாசகங்கள் எழுதுவது. எங்கள் ரோமானிய ஜனங்களுக்குக் கூத்தில் கள்ளக்காதலன் வேண்டும், அவன் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வேண்டும், உதை வேண்டும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஆட்டமெல்லாம் நின்று, மனிதர்களைப் பற்றிக் கூர்மையாக ஒரே ஒரு வரி வந்து விழவும் வேண்டும். மறுநாள் மீன் சந்தையில் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிவார்கள். பள்ளிக்கூடத்தில் மெழுகுப் பலகைகளில் அதையே எழுதிப் பழக்குவார்கள். வரி விழுந்த அந்த நொடியில் அரங்கம் செய்கிற ஒரு காரியம் உண்டு. அது யாருக்குப் பொருந்தும் என்று ஜனங்கள் நினைக்கிறார்களோ, அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் அத்தனை தலைகளும் திரும்பும். யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

தாலுஸின் கடைக்கும் என் அப்பாவின் தாள் கடைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அதில் ஒரு பலகை எப்போதோ விழுந்துவிட்டது. யாரும் திரும்ப வைக்கவில்லை. நான் உட்கார்ந்து படியெடுக்கும் இடத்திலிருந்து நாவிதரின் நாற்காலியும் பாதி பெஞ்சும் தெரியும். கூத்துக் குழுவின் பாடங்களை ஆளுக்கு ஒன்றாக நான்தான் எழுதித் தருகிறேன். மழித்த தலையில் எண்ணெய் மினுமினுக்க கெர்டோ இந்தப் பக்கம் வந்து, மெழுகுப் பலகையை என் முன்னால் வைத்துவிட்டு, மூலையிலிருக்கும் தாள் கட்டின் மேல் உட்காருவார். உட்காரும்போது ஒரு பெருமூச்சு. எழுந்திருக்கும்போது இன்னொன்று.

"உனக்குத்தான் கிரேக்கமும் தெரியுமே. அவங்க பாஷையில புதுசா ஏதாச்சும் கெட்ட குணம் இருக்கா தாயி? நம்ம ஊர்ல இருக்கிறது எல்லாத்தையும் எழுதித் தீத்துட்டேன். பேராசைய எழுதியாச்சு, பொறாமைய எழுதியாச்சு, நன்றி கெட்டவன எழுதியாச்சு. மனுஷங்க புதுசா ஒண்ணுமே பண்ண மாட்டேங்கிறாங்க."

அவர்களிடமும் இதே குணங்கள்தான், பெயர்கள்தான் நீளம் என்று சொன்னேன். "அதான பாத்தேன்" என்று சலித்துக்கொண்டார்.

நாவிதர் நாற்காலிக்கு வெளியே அவர் வாயிலிருந்து ஒரு வாசகம் வந்து நான் கேட்டதில்லை. மீன் ஊறுநீர் விற்கிற விதவை ஒருத்தி, மகன் குடித்துவிட்டு அடிக்கிறான், நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று ஒருநாள் அவர் முன்னால் வந்து நின்றாள். "என்கிட்டயாம்மா கேக்குறே? நான் அடி வாங்குற ஆளு" என்றார். பிறகு அவளுடைய ஜாடியை அவளுடைய வீடு வரை தூக்கிக்கொண்டு போனார். எழுதிய வரிகளையும் கூலியில்லாமல் வெளியே விடக்கூடாது என்பது அவருடைய கட்டளை. ஆகையால் அவற்றில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுதப்போவதில்லை.

சொந்தக் காரியங்களில் அவர் மேடையில் இருக்கிற மாதிரியேதான் இருக்கிறார். கூரைக்கு நேர் கீழே ஓர் அறை. மழைக்காலத்தில் படுக்கையைச் சுவருக்குச் சுவர் நகர்த்துவார். ஓட்டை அடைத்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சொல்வார், இவரும் நம்புவார். இருந்த ஒரே கம்பளிப் போர்வையை ஒஸ்தியா துறைமுகத்துக்குப் போகிற யாரோ ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் வருவான் என்று இன்னும் பாதையைப் பார்க்கிறார். இதை வைத்துத் தாலுஸ் கிண்டல் செய்தால், "அவனுக்கு அங்க குளிரும்ல" என்று மட்டும் சொல்வார்.

போன வருடம், பூக்களின் தேவதை ஃப்ளோராவுக்கு எடுக்கும் விழாவில், கெர்டோ பேராசையைப் பற்றி எழுதிய வரியை ப்ரிமில்லா மேடையில் சொன்னாள். எழுதும்போது அவர் மனத்தில் இருந்தவர் அந்த வீட்டுக்காரர்தான். வீட்டுக்காரரும் வந்திருந்தார், மேல் வரிசையில் வறுத்த கொண்டைக்கடலையை மென்றுகொண்டிருந்தார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை. அரங்கம் மொத்தமும் முன்வரிசையில் இருந்த செப்பியஸ் பக்கம் திரும்பியது. செப்பியஸுக்கு ஆற்றங்கரையில் தானியக் கிடங்குகள் உண்டு. அந்தக் குளிர்காலத்தில் ரொட்டி விலை ஏறியிருந்தது. அப்போதைய விழா அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். செப்பியஸ் சிரிக்கவில்லை.

இந்த வருடம் விழா அதிகாரி செப்பியஸ்.

அவர் ப்ரிமில்லாவின் குழுவை ஒதுக்கிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவருக்கு இன்னும் மேலே ஒரு பதவி வேண்டும். அதற்கு ஜனங்களின் ஆரவாரம் வேண்டும். ஜனங்களுக்கோ ப்ரிமில்லா வேண்டும். விழாவுக்கு ஒரு மாதம் முன்னால், செப்பியஸிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற டாமா என்பவன் கெர்டோவைத் தேடிக்கொண்டு நாவிதர் கடைக்கே வந்தான். இடது காதுப் பக்கம் நின்று பேசினான். கெர்டோவுக்குக் கேட்கவில்லை. அதனால் சத்தம் போட்டுப் பேசினான்.

"கூத்து உங்களுக்குத்தான். எஜமான் சொல்லிட்டாரு. ஆனா வரி விழும்போது அவர் பக்கம் ஒரு தலை திரும்பக் கூடாது. திரும்பிச்சு, சொன்னவ முதுகு கிழியும். விழா நாள்ல அரங்கத்துக்குள்ள கூத்தாடிய அடிக்க அவருக்கு உரிமை இருக்கு, தெரியுமில்ல?"

"சொன்னவ முதுகா? எழுதினது நான்ல" என்றார் கெர்டோ.

"எழுதினவன யாருக்குய்யா தெரியும்?" என்று சொல்லிவிட்டு டாமா கிளம்பினான்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். தாலுஸும் கேட்டார். தாலுஸ் கேட்டதை டைபர் ஆற்றின் அக்கரை வரை கேட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

ப்ரிமில்லாவின் முதுகில் பழைய தழும்பு ஒன்று உண்டு. கபுவாவில் யாரோ ஓர் அதிகாரி கொடுத்தது. கோடையிலும் தோளில் துணி போட்டுக்கொண்டுதான் நடப்பாள். செய்தி தெரிந்ததும் நேராக எங்கள் கடைக்கு வந்து, தாள் கட்டின் மேல் இருந்தவரின் வலப்பக்கமாகப் போய் நின்றாள்.

"யோவ் மொட்டை, பேசாம வரியே இல்லாம ஆடிட்டா என்ன?"

"ஆடேன். போன மாசம் அந்த நேப்பிள்ஸ்காரங்க ஆடினாங்களே, வெங்காயத்தாலேயே அடிச்சாங்க. ஒருத்தனுக்குப் பல்லு போச்சு."

"வெங்காயம் தேவலை. பிரம்ப விட தேவலை."

"நீ வாய மூடிட்டு வந்துட்டேன்னு வை, அப்புறம் உன்னை எந்த ஊர்ல கூப்பிடுவான்?"

அவள் மெழுகுப் பலகையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பிறகு, "அப்ப யார் மேலயும் விழாத மாதிரி ஒண்ணு எழுது. உனக்கு வேற என்ன வேலை?" என்றாள்.

"யார் மேலயும் விழாததா" என்று கெர்டோ இழுத்தார். கால் வலிக்கிறவன் மாடிப்படியைப் பார்க்கிற மாதிரி என் மேஜையைப் பார்த்தார்.

அந்த மாதம் முழுவதும் அவர் அதற்குத்தான் அலைந்தார். முதலில் நட்பைப் புகழ்ந்து ஒரு வரி. புகழ்ச்சி யாரைச் சுடப்போகிறது? பெஞ்சில் எண்ணெய் வியாபாரக் கூட்டாளிகள் இருவர் அருகருகே இருந்தார்கள். வரியைக் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சவரம் முடிந்து ஆளுக்கொரு தெருவாகப் போனார்கள். அடுத்து முதுமையைப் பற்றி. ஒரு கிழவர் கழுத்துத் துணியை உருவி எறிந்துவிட்டு, பாதி முகம் மழித்தபடியே வெளியே நடந்தார். தூக்கத்தைப் பற்றி எழுதலாம், தூக்கத்தில் என்ன இருக்கிறது என்று அதை எழுதிக்கொண்டு போனார். கிடங்குக் காவல்காரர் ஒருவர் துள்ளி எழுந்தார்.

"யாரு சொன்னா? நான் தூங்கினேன்னு எவன் சொன்னான்?"

"ஐயா, நான் உங்களச் சொல்லல."

"அப்புறம் எதுக்கு என்னயப் பாத்துச் சொன்ன?"

"கண்ண மூடிக்கிட்டுதானய்யா சொன்னேன்!"

"அதான். தூங்குறவன் மாதிரி மூடிக்கிட்டுச் சொன்ன!"

சிரித்துச் சிரித்துத் தாலுஸின் கை வழுக்கியது. கெர்டோவின் தலையில் கீறல். ரத்தம் நிற்க, சிலந்தி வலையை எண்ணெயில் தோய்த்துத் தாலுஸ் அதன் மேல் ஒட்டினார். அந்தக் கோலத்திலேயே எங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்த கெர்டோ, வெகு நேரம் மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஊரு பூரா தெரிஞ்சு போச்சு தாயி. யாருக்கு எங்க வலிக்கும்னு எல்லாம் தெரிஞ்சு போச்சு. தெருவுல நடக்கவே முடியல. குனிஞ்சுக்கிட்டே போறேன்" என்றார்.

விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போதுதான் அந்தக் கடைசி வரி வந்தது. முட்டாள்களைப் பற்றியது. கத்தி காதுக்குப் பின்னால் வந்ததும் சொன்னார். கண்ணைத் திறந்து பார்த்தார். ஒருவரும் சுருங்கவில்லை, இருமவில்லை. கூட்டாளிகள் இருவரும் தனித்தனியாகத் தலையாட்டினார்கள். காவல்காரர் தொடையைத் தட்டி, "இத எங்க மேஸ்திரி கேக்கணும்" என்றார். தாலுஸ், "என் மச்சான் கேக்கணும்" என்றார். வரியைக் கேட்டுப் போவதற்காக வந்திருந்த டாமாவும் சத்தமாகச் சிரித்தான். "இது பரவாயில்ல. எழுதிக்க" என்று தடுப்பின் வழியே என்னிடம் சொன்னான்.

ப்ரிமில்லாவின் பாடத்தில் அதை எழுதிக் கொடுத்தேன். கெர்டோ அந்த ஒரு மாதத்தில் முதல் முறையாக இரண்டாவது ரொட்டி வாங்கித் தின்றார்.

அரங்கத்தில் பெண்களுக்கு மேல் கோடி வரிசைகள். அங்கிருந்து முகங்கள் தெரியாது, தலைகள்தான் தெரியும். செப்பியஸின் தலையில் பூ வளையம் இருந்தது. அதனால் கண்டுபிடிப்பது எளிது. மேடையின் பக்கச் சுவரில் அவருடைய ஆட்கள் பிரம்புகளோடு சாய்ந்து நின்றார்கள். கூத்து நன்றாகவே போயிற்று. காதலன் பெட்டிக்குள் போய்விட்டான். முட்டாள் கணவனாகிய கெர்டோ அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து பூண்டு உரித்தார். ப்ரிமில்லா முன்னால் வந்து நின்றாள். துணியைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். எல்லாம் அடங்கியது. வரி வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே தலைகள் திரும்பத் தொடங்கின.

டாமா நாவிதர் கடையில் போட்ட சத்தம் ஊர் முழுக்கப் போயிருந்தது. செப்பியஸ் பக்கம் திரும்பக் கூடாதாம் என்பது தெரிந்தால் எங்கள் ஜனங்கள் வேறெந்தப் பக்கம் திரும்புவார்கள்? வரி எதுவாக இருந்தால் அவர்களுக்கு என்ன? முதலில் இடது ஓரத்தில் சில தலைகள். பிறகு அவற்றை ஒட்டி, ஓட்டுக் கூரையில் ஒரு புறா நகர்ந்தால் வரிசை முழுக்க நகர்வதைப் போல, அடுத்தவை. பிரம்புக்காரர்கள் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்கள். இந்த நிலையில் முட்டாள்களைப் பற்றிய அந்த வரி வேறு வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்தது. நாவிதர் கடையில் முன்வரிசை கிடையாது, திரும்பிப் பார்க்க அங்கே செப்பியஸும் இல்லை. ப்ரிமில்லாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

கெர்டோ பெட்டியை விட்டு எழுந்தார். கையில் பூண்டோடு அவளுக்கு முன்னால் வந்து நின்று, தன் மொட்டைத் தலையில் தானே ஓங்கி ஓர் அறை அறைந்துகொண்டார். அந்தச் சத்தம் மேல் வரிசை வரை வந்தது. பாதி திரும்பியிருந்த தலைகள் மேடைக்கு வந்தன. அவளுடைய வரியை அவர் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டைவிரலால் தன் நெஞ்சைக் குத்திக் காட்டிச் சொன்னார். எங்கள் அரங்கத்தில் முட்டாள் வேஷக்காரன் வாயில் வாசகம் வந்ததே இல்லை. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. ஆளின் பாரம் இறங்கியதால் பெட்டி மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. தன் முறை வந்துவிட்டதென்று காதலன் தலையை நீட்டினான். ப்ரிமில்லா அவன் தலையை உள்ளே அழுத்தினாள். திரும்பி வந்து கெர்டோவை அறைந்தாள். கை தட்டையாகத்தான் இருந்தது. சிரிப்பில் பெஞ்சுகள் ஆடின. பூ வளையம் வைத்த தலை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு செப்பியஸ் கையைத் தூக்கினார். விழா வழக்கப்படி வேலையாட்கள் கூட்டத்தின் மேல் கொண்டைக்கடலையை வாரி இறைத்தார்கள். பிரம்புக்காரர்கள் குனிந்து கடலை பொறுக்கினார்கள்.

மறுநாள் காலையில் இருவரும் எங்கள் கடையில்தான் சண்டை போட்டார்கள்.

"என் வரிய எதுக்குய்யா எடுத்த?"

"உன் முதுகு..."

"என் முதுகு என்னுது. வரியும் என்னுது. கெடச்ச நாளெல்லாம் ராப்பகலா சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கேன். எங்க நிறுத்தணும், எங்க மூச்சு விடணும்னு. நீ பூண்ட கையில வெச்சுக்கிட்டு உளறிட்ட."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்தது. அதான் எரியுது" என்றாள். பிறகு துணியைச் சரிசெய்துகொண்டு, "இனிமே யார் சொன்னாலும் உன் வரி எல்லாம் உன் மேலதான்யா விழும். ஒருத்தனுக்கும் உறைக்காது. நாம என்னத்த வெச்சுப் பொழைக்கிறது?" என்று கேட்டாள்.

கெர்டோ வீங்கிய கன்னத்தைத் தடவினார். மெழுகுப் பலகையை எடுத்தார், பார்த்தார், வெற்றுப் பலகையாகவே என் மேஜையில் திரும்ப வைத்தார். "தெரியல மகாராணி. முதல்ல தலைய மழிச்சுட்டு வரேன்" என்று சொல்லி எழுந்தார். இரண்டாவது பெருமூச்சு வந்தது.

தடுப்பு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சு நிறைந்திருந்தது. எண்ணெய்க் கூட்டாளிகள் மறுபடி அருகருகே இருந்தார்கள். காவல்காரர் இருந்தார். தாலுஸ் கல்லில் எச்சில் துப்பிக் கத்தியைத் தீட்டிக்கொண்டு, நேற்றைய அறை எப்படி விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கெர்டோ வாசல் திரையை விலக்கியதும் தாலுஸ் பேச்சை நிறுத்தினார். கத்தி கல்லில் நின்றது. பெஞ்சில் இருந்த அத்தனை தலைகளும் ஒன்றாக வாசல் பக்கம் திரும்பின.

கெர்டோ திரையைப் பிடித்தபடியே நின்றார். பிறகு மெல்லத் திரும்பி, யாரைப் பார்க்கிறார்கள் என்று தனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.